லினக்சில் வரைகலை இயக்கிகள்: திறந்த மூலமா, மூடிய மூலமா?

முன்னுரை

கணிப்பொறி வாங்குவோர் அதன் செயலியின் வேகத்தை வினவுவர். நினைவகத்தின் அளவைக் கேட்டறிவர். திரையின் அகலத்தையும் நோக்குவர். ஆனால், அத்திரையில் ஒரு புள்ளியையேனும் தோற்றுவிக்கும் நிரல் யாருடையது, அது பழுதுற்றால் திருத்தும் உரிமை யாருக்கு உண்டு என்று வினவுவோர் மிகச் சிலரே. விண்டோஸ் முறைமையைப் பயன்படுத்துவோர்க்குப் பெரும்பாலும் இவ்வினா எழுவதில்லை. அட்டையைச் செய்தவர் தரும் இயக்கியை நிறுவுவதோடு அவர்தம் பணி முடிந்துவிடுகிறது. லினக்ஸ் முறைமையை நிறுவுவோர்க்கோ, சிறப்பாக என்விடியா நிறுவனத்தின் அட்டையை உடையோர்க்கு, இவ்வினா முதல் நாளிலேயே எதிர்ப்படுகிறது. திறந்த மூல இயக்கியை ஏற்பதா, நிறுவனம் தரும் மூடிய இயக்கியை ஏற்பதா என்பதே அவ்வினா.

இதனைச் சிலர் வேகம் பற்றிய வினாவாக மட்டும் கருதுவர். வேறு சிலர் கொள்கை பற்றிய வினாவாக மட்டும் கொள்வர். நம் கருத்தில் இஃது இரண்டும் சேர்ந்ததாகும். நாம் விலை கொடுத்து வாங்கிய பொருள் எத்தனை ஆண்டுகள் நமக்குப் பயன்படும் என்பது இத்தேர்வைப் பொறுத்தது. கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும் மாணவர் இல்லங்களிலும் ஒரு கணிப்பொறி பத்தாண்டுகள் உழைக்க வேண்டியுள்ள நம் சூழலில், இதனை நன்கு ஆராய்ந்து அறிதல் இன்றியமையாததாகும். அவ்வாராய்ச்சியே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயக்கி என்பது யாது?

வன்பொருளுக்கும் இயக்க முறைமைக்கும் இடையே நின்று மொழிபெயர்ப்பாளனாகப் பணி புரியும் நிரலே இயக்கி. இதனை டிரைவர் என்பது வழக்கு. ஒரு வட்டம் வரைக என்று பயன்பாட்டு நிரல் ஆணையிடுகிறது. வரைகலை அட்டை அந்த ஆணையை அவ்வாறே உணராது. தனக்கே உரிய எண்களாலான கட்டளைகளையே அஃது அறியும். முன்னதைப் பின்னதாக மாற்றித் தருவது இயக்கியின் கடமையாகும்.

இன்றைய வரைகலை அட்டை மிகச் சிக்கலான ஒரு கருவி. ஆயிரக்கணக்கான சிறு கணக்கீட்டு அலகுகளை அது தன்னகத்தே கொண்டுள்ளது. எனவே அதன் இயக்கியும் இரு பெரும் பகுதிகளாக அமைகிறது. முதற்பகுதி, லினக்சின் உட்கருவாகிய கெர்னலுக்குள் இயங்குவது. அட்டையின் நினைவகத்தைப் பங்கிடுதல், மின்னாற்றலையும் கடிகார வேகத்தையும் கட்டுப்படுத்துதல், திரைக்குப் படத்தை அனுப்புதல் ஆகியன இதன் பணிகள். இரண்டாம் பகுதி, கெர்னலுக்கு வெளியே பயனர் தளத்தில் இயங்குவது. ஓப்பன்ஜிஎல், வல்கன் முதலிய பொதுமொழிகளில் வரும் ஆணைகளை அட்டையின் சொந்த மொழிக்கு மாற்றுவது இதன் பணி. வேகத்தின் நுட்பங்கள் பெரும்பாலும் இவ்விரண்டாம் பகுதியிலேயே அடங்கியுள்ளன. இவ்விரு பகுதிகளின் வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

மூல நிரலும் உரிமமும்

மனிதர் படித்தறியக்கூடிய வடிவில் எழுதப்பெறும் நிரலை மூல நிரல் என்கிறோம். அது பொறி அறியும் எண் வடிவிற்குத் தொகுக்கப்பெற்ற பின்னர், மீண்டும் மூலத்தை அறிவது மிக அரிது. சமைத்த உணவிலிருந்து செய்முறைக் குறிப்பை ஊகிப்பதைப் போன்றது அது. மூலத்தையும் அதனைத் திருத்திப் பகிரும் உரிமையையும் சேர்த்து வழங்குவது திறந்த மூல இயக்கி. தொகுத்த வடிவை மட்டும் வழங்கி, மூலத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வது மூடிய இயக்கி. இதனைத் தனியுரிமை இயக்கி என்றும் கூறுவர்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தோற்றத்திலேயே இத்தகையதொரு சிக்கல் இடம்பெற்றிருந்தது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்திற்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. தாள் சிக்கிய செய்தியைப் பயனர்க்கு அறிவிக்கும்படி நிரலைத் திருத்த ரிச்சர்ட் ஸ்டால்மன் விழைந்தார். மூல நிரலைப் பெறுவதற்கு அவர் முயன்றபோது, வெளியிடுவதில்லை என்று நிறுவனத்திற்கு உறுதி அளித்திருப்பதாகக் கூறி அதனை வைத்திருந்தவர் மறுத்துவிட்டார். அவர் 1983ஆம் ஆண்டு செப்டம்பரில் குனு திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னணியில் இந்நிகழ்ச்சியும் உண்டு. ஒரு கருவியின் நிரலைத் திருத்த இயலாமையே ஒரு பேரியக்கத்திற்கு வித்துகளுள் ஒன்றாயிற்று.

1991ஆம் ஆண்டு பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அதனை ஜிபிஎல் எனும் பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். இவ்வுரிமத்தின்படி கெர்னலைத் திருத்தி வழங்குவோர் தம் திருத்தங்களின் மூலத்தையும் வழங்குதல் வேண்டும். மூடிய இயக்கியைக் கெர்னலோடு சேர்த்து வழங்க இயலாமைக்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

கெர்னலின் உள்ளும் புறமும்

கெர்னலின் புதிய பதிப்பு ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவருகிறது. பயன்பாட்டு நிரல்கள் காணும் வெளி முகத்தைச் சிதையாது காப்பது அதன் ஆசிரியர்தம் உறுதிப்பாடு. ஆயின், உள்ளமைப்பைப் பற்றி அவர்கள் அத்தகைய உறுதி எதனையும் தருவதில்லை. தேவைப்படும்போதெல்லாம் அதனை மாற்றியமைப்பர். அவ்வாறு மாற்றுங்கால், கெர்னலுக்குள் இடம்பெற்ற இயக்கிகளையும் உடன் திருத்திவிடுவர். ஒரே வீட்டில் வாழ்வோர் வாயிலை மாற்றும்போது அனைவர்க்கும் புதிய சாவி கிடைத்துவிடுவதைப் போன்றது இது.

வெளியில் நிற்கும் மூடிய இயக்கிக்கு இவ்வசதி இல்லை. ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதன் இணைப்புப் பகுதியை மீண்டும் தொகுத்தாக வேண்டும். இப்பணியைத் தானாகவே செய்வதற்கு டிகேஎம்எஸ் எனும் கருவி உள்ளது. பெரும்பாலும் அது செவ்வனே பணியாற்றுகிறது. எனினும் கெர்னலின் மாற்றத்திற்கு ஏற்ப நிறுவனம் இன்னும் தன் இயக்கியைத் திருத்தவில்லை எனின், தொகுப்பு தோல்வியுறும். காலையில் பொறியைத் திறப்பவர் கறுத்த திரையைக் காண நேர்வது இதனாலேயே ஆகும். செக்யூர் பூட் எனும் பாதுகாப்பு ஏற்பாடு செயற்பட்டிருக்குமாயின், ஏற்கப்பெற்ற கையொப்பம் இல்லாத இயக்கியைக் கெர்னல் ஏற்றுக்கொள்ளவும் மறுக்கும்.

மற்றொன்றும் உண்டு. மூடிய இயக்கி ஏற்றப்பட்டவுடன் கெர்னல் தன்னைக் கறைபட்டது என்று குறித்துக்கொள்கிறது. அந்நிலையில் நேரும் பழுதைப் பற்றிக் கெர்னல் ஆசிரியர்களிடம் முறையிட்டால், அவ்வியக்கியை நீக்கிவிட்டு மீண்டும் சோதித்து வருக என்பதே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும். இது வெறுப்பினால் எழுந்த விடையன்று. மூலத்தைக் காண இயலாத ஒரு நிரல் கெர்னலின் நினைவகத்தில் எதனை எழுதியது என்று அவர்களால் அறிய இயலாது என்பதே உண்மை.

மூன்று நிறுவனங்கள், மூன்று வழிகள்

வரைகலை அட்டைகளைச் செய்யும் மூன்று பெரு நிறுவனங்களும் இவ்வகையில் மூன்று வழிகளை மேற்கொண்டன.

இன்டெல் நிறுவனம் தன் வரைகலைப் பகுதிக்குரிய லினக்ஸ் இயக்கியை நெடுங்காலமாகவே திறந்த மூலமாக உருவாக்கி வருகிறது. இன்டெல் வரைகலையை மட்டும் உடைய மடிக்கணினியில் தேர்வு என்ற வினாவே எழுவதில்லை.

ஏஎம்டி நிறுவனம் 2006ஆம் ஆண்டு ஏடிஐ நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. அதுவரை ஏடிஐ வழங்கிவந்த மூடிய இயக்கியின்பால் லினக்ஸ் பயனர்க்கு மனக்குறை மிகுதி. 2007ஆம் ஆண்டு செப்டம்பரில் ஏஎம்டி தன் அட்டைகளின் தொழில்நுட்ப விளக்கங்களை வெளியிட முன்வந்தது. 2015ஆம் ஆண்டு வெளிவந்த 4.2ஆம் கெர்னலில் ஏஎம்டிஜிபியு எனும் புதிய இயக்கி இடம்பெற்றது. அதன் பின்னர் மூடிய இயக்கியின் செல்வாக்கு படிப்படியாகத் தேய்ந்தது. வல்கனுக்கென ஏஎம்டி தானே ஓர் இயக்கி எழுதியிருந்தது. வெளியார் சிலர் 2016ஆம் ஆண்டு தொடங்கிய ராட்வி எனும் இயக்கி அதனினும் பயனர்தம் விருப்பைப் பெற்றது. 2025ஆம் ஆண்டு ஏஎம்டி தன் வல்கன் இயக்கியைக் கைவிட்டு, ராட்வியையே ஆதரிப்பதாக அறிவித்தது. பொதுமக்கள் ஆக்கம் நிறுவனத்தின் ஆக்கத்தை விஞ்சி நின்றதற்கு இஃதொரு சான்று.

என்விடியாவின் வழி வேறு. அது லினக்சைப் புறக்கணித்தது எனல் பொருந்தாது. வேகத்தில் விண்டோசுக்கு நிகரான இயக்கியை அது பல்லாண்டுகளாக லினக்சுக்கும் வழங்கி வந்துள்ளது. ஆனால் மூலத்தை மட்டும் மூடியே வைத்தது. 2012ஆம் ஆண்டு பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் உரையாடிய டோர்வால்ட்ஸ், தாம் பழக நேர்ந்த நிறுவனங்களுள் மிகவும் மோசமானது என்விடியாவே என்று கடிந்துரைத்த செய்தி உலகறிந்தது.

மெசாவும் நூவோவும்

திறந்த இயக்கிகளின் பயனர் தளப் பகுதிக்குப் பொது இல்லமாக விளங்குவது மெசா எனும் தொகுப்பு. பிரையன் பால் என்பார் 1993ஆம் ஆண்டு தம் ஓய்வுநேரத்தில் இதனை எழுதத் தொடங்கினார். ஒரு தனி மனிதர் தொடங்கிய அப்பணியின் மேல் இன்று இன்டெல், ஏஎம்டி உள்ளிட்ட பல நிறுவனங்களின் இயக்கிகள் எழும்பி நிற்கின்றன.

என்விடியா அட்டைகளுக்கெனத் தோன்றிய திறந்த இயக்கி நூவோ. புதியது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. 2005ஆம் ஆண்டளவில் ஸ்டெஃபான் மார்ச்செசின் என்பார் இதனைத் தொடங்கினார். நிறுவனத்தின் விளக்கக் குறிப்புகள் எவையும் அவர்க்கும் அவர்தம் குழுவினர்க்கும் கிட்டவில்லை. மூடிய இயக்கியை ஓடவிட்டு, அஃது அட்டைக்கு அனுப்பும் கட்டளைகளைப் பதிவு செய்து, எந்தக் கட்டளை எந்த விளைவைத் தருகிறது என்று ஒப்புநோக்கி அறிந்தனர். விடையைக் கண்டு கணக்கை ஊகித்த அவ்வரும்பணி 2010ஆம் ஆண்டு 2.6.33ஆம் கெர்னலில் இடம்பெற்றது. இன்று லினக்சை நிறுவுங்கால், என்விடியா அட்டை இருப்பினும் திரையில் ஏதோ ஒன்று தெரிகிறதெனின், பெரும்பாலும் அது நூவோவின் கொடையே ஆகும்.

இம்முறையின் ஆற்றலுக்கு மற்றொரு சான்றும் கூறலாம். ஆப்பிள் நிறுவனத்தின் எம்1 செயலியிலுள்ள வரைகலைப் பகுதிக்கு அந்நிறுவனம் லினக்ஸ் இயக்கி எதனையும் தரவில்லை. தன்னார்வலர்கள் தாமே ஆய்ந்து எழுதிய இயக்கி, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஓப்பன்ஜிஎல் ஈஎஸ் 3.1 தரத்திற்குரிய சான்றைப் பெற்றது.

கையொப்பம் இட்ட பூட்டு

நூவோவின் வளர்ச்சிக்கு 2014ஆம் ஆண்டு ஒரு பெருந்தடை ஏற்பட்டது. அட்டைக்குள்ளேயே இயங்கும் சிறு நிரல் ஒன்று உண்டு. அதனை ஃபர்ம்வேர் என்பர். ஜிஃபோர்ஸ் 900 வரிசை தொடங்கி, என்விடியாவின் கையொப்பம் பெற்ற ஃபர்ம்வேரை மட்டுமே முக்கியப் பணிகளுக்கு ஏற்கும்படி அட்டைகள் அமைக்கப்பட்டன. மின்னாற்றலையும் கடிகார வேகத்தையும் கட்டுப்படுத்தும் ஃபர்ம்வேரை நூவோ பயன்படுத்தும் வகையில் நிறுவனம் வெளியிடவில்லை.

இதன் விளைவு எளிதில் விளங்கக்கூடியது. பொறியைத் திறக்கும்போது அட்டை குறைந்த வேகத்தில் விழித்தெழுகிறது. அவ்வேகத்தை உயர்த்தும் சாவி நூவோவிடம் இல்லை. ஆகவே ஆற்றல் மிக்க அட்டையும் நூவோவின் கையில் முடங்கியே கிடக்கிறது. நூவோ மெதுவானது எனப் பலரும் கூறுவதைக் கேட்கிறோம். அது நிரலாசிரியரின் திறக்குறைவன்று, பூட்டின் விளைவு என்பதை அவர்கள் அறிவதில்லை.

2022ஆம் ஆண்டின் திருப்பம்

2022ஆம் ஆண்டு மே மாதம் என்விடியா தன் இயக்கியின் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. பலரும் வியந்த அறிவிப்பு அது. ஆயினும் இதன் எல்லைகளை நாம் தெளிவாக அறிதல் வேண்டும். முதலாவது, 2018ஆம் ஆண்டு வெளிவந்த டூரிங் தலைமுறையும் அதற்குப் பிந்தியனவுமே இதில் அடங்கும். இரண்டாவது, பயனர் தளப் பகுதி இன்றளவும் மூடியதே. மூன்றாவது, முன்னர்க் கெர்னல் பகுதியில் இருந்த பல நுட்பங்கள் இப்போது அட்டையிலுள்ள ஜிஎஸ்பி எனும் தனிச் செயலியின் ஃபர்ம்வேருக்குள் சென்றுவிட்டன. அந்த ஃபர்ம்வேர் மூடியது. வாயிற்கதவு திறந்தது; பெட்டகம் உள்ளறைக்குப் பெயர்ந்தது என்று கூறலாம்.

எனினும் இதனால் விளைந்த நன்மை பெரிது. கடிகார வேகத்தைக் கட்டுப்படுத்தும் பணியை ஜிஎஸ்பி ஏற்றுக்கொண்டதால், நூவோவும் அதன்வழி வேகத்தை உயர்த்த இயன்றது. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த 6.7ஆம் கெர்னலில் இவ்வசதி இடம்பெற்றது. இதனோடு இணைந்து, ஃபெய்த் எக்ஸ்ட்ராண்ட் முதலியோர் 2022ஆம் ஆண்டு அறிவித்த என்விகே எனும் வல்கன் இயக்கி மெசாவில் வளர்ந்து, 2024ஆம் ஆண்டு பொதுப் பயன்பாட்டிற்கு ஏற்ற நிலையை எய்தியது. ரஸ்ட் மொழியில் எழுதப்பெறும் நோவா எனும் புதிய கெர்னல் இயக்கியின் முதற்பகுதி 2025ஆம் ஆண்டு 6.15ஆம் கெர்னலில் சேர்க்கப்பட்டது. என்விடியாவின் பிளாக்வெல் தலைமுறை அட்டைகளுக்கு, அந்நிறுவனத்தின் இயக்கியிலும் திறந்த கெர்னல் பகுதி மட்டுமே பொருந்தும் என்பதும் குறிப்பிடத்தக்கது.

கைவிடப்பெறும் அட்டைகள்

இத்தேர்வில் நமக்கு மிக நெருக்கமான பகுதி இதுவே. எந்த நிறுவனமும் தன் பழைய அட்டைகளுக்கு என்றென்றும் இயக்கி எழுதிக்கொண்டிராது. 2010ஆம் ஆண்டுத் தலைமுறையான ஃபெர்மி அட்டைகளுக்குரிய 390ஆம் வரிசை இயக்கியின் ஆதரவு 2022ஆம் ஆண்டோடு முடிந்தது. 2012ஆம் ஆண்டின் கெப்ளர் அட்டைகளுக்குரிய 470ஆம் வரிசையின் ஆதரவு 2024ஆம் ஆண்டு முடிந்தது. மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்ட்டா ஆகிய தலைமுறைகளுக்கு 580ஆம் வரிசையே இறுதியானது என்று 2025ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

இம்மூன்றனுள் பெரும்பாலான அட்டைகளின் நிலை இரங்கத்தக்கது. மூடிய இயக்கியின் புதிய வரிசைகள் அவற்றை ஏற்பதில்லை. டூரிங்கிற்கு முந்தியவை ஆதலால் 2022இல் திறக்கப்பெற்ற கெர்னல் பகுதியும் அவற்றுக்குப் பொருந்தாது. நூவோவோ ஃபர்ம்வேர்ப் பூட்டினால் அவற்றை முழு வேகத்தில் இயக்க இயலாது. 580ஆம் வரிசைக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் சிலகாலம் வரும். அதன்பின் புதிய கெர்னலோடு அது பொருந்துவது அரிதாகும். வன்பொருளில் எப்பழுதும் இல்லை. அதனை இயக்கும் சொல் மட்டும் மறுக்கப்படுகிறது.

ஏஎம்டியின் வரலாற்றோடு இதனை ஒப்பிடுவோம். 2002ஆம் ஆண்டு வெளிவந்த ரேடியான் 9700 முதலிய அட்டைகளுக்கு ஏஎம்டி தன் மூடிய இயக்கியின் ஆதரவை 2009ஆம் ஆண்டே நிறுத்திவிட்டது. ஆனால் அவற்றுக்குரிய திறந்த இயக்கி மெசாவில் நிலைபெற்றது. அட்டை வெளிவந்து இருபது ஆண்டுகள் கடந்த பின்னரும் தன்னார்வலர்கள் அதற்குத் திருத்தங்கள் வழங்கி வந்தனர். மூலம் பொதுவில் இருந்தமையால் நிறுவனத்தின் முடிவு அவ்வட்டையின் முடிவாகவில்லை.

திறந்த மூலம் சாகாவரம் பெற்றது என்றும் நாம் மிகைப்படுத்துதல் ஆகாது. பேணுவோர் இல்லையெனில் அதுவும் தேயும். மெசா தொகுப்பினர் 2021ஆம் ஆண்டின் இறுதியில் மிகப் பழைய சில இயக்கிகளை முதன்மைத் தொகுப்பிலிருந்து நீக்கி, ஆம்பர் எனும் தனிக் கிளைக்கு மாற்றினர். ஆயினும் அவற்றின் மூலம் அழியவில்லை. வேண்டுவோர் எடுத்துப் பேணலாம். உயிர்ப்பிக்க வழி உள்ள தேய்வு வேறு. வழியற்ற மூடுதல் வேறு.

மூடிய இயக்கியின் வலிமை

நடுநிலையோடு நோக்குவார் மூடிய இயக்கியின் சிறப்புகளையும் மறுத்தல் இயலாது. புதிய என்விடியா அட்டைகளில் உயர்ந்த வேகம் அந்நிறுவனத்தின் இயக்கியாலேயே கிட்டுகிறது. அதனினும் முதன்மையானது கூடா எனும் கணக்கீட்டு அமைப்பு. 2007ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வமைப்பின் மீதே இயந்திரக் கற்றல், அறிவியற் கணக்கீடு ஆகிய துறைகளின் பெரும்பாலான நிரல்கள் எழுந்துள்ளன. கூடா இயங்குவதற்கு என்விடியாவின் பயனர் தளப் பகுதி தேவை. நூவோவும் என்விகேயும் அதற்கு மாற்றாகா. ஏஎம்டியின் ராக்எம் எனும் திறந்த அமைப்பு 2016ஆம் ஆண்டு முதல் வளர்ந்து வருகிறது. ஆயினும் கூடாவுக்கென எழுதப்பெற்ற நிரல்களே ஆய்வுலகில் மிகுதி. செயற்கை நுண்ணறிவில் ஆய்வு செய்யும் மாணவரிடம் சென்று, கொள்கைக்காகக் கூடாவைத் துறந்துவிடுக என்று கூறுதல் நடைமுறைக்கு ஒவ்வாது.

திறந்த இயக்கி தன் தவறின்றியே தடைப்படும் இடங்களும் உண்டு. எச்டிஎம்ஐ 2.1 எனும் திரை இணைப்புத் தரத்தைத் தன் திறந்த இயக்கியில் சேர்க்க ஏஎம்டி முயன்றது. அத்தரத்தை ஆளும் அமைப்பு அதற்கு இசையவில்லை என்பது 2024ஆம் ஆண்டு வெளியாயிற்று. தரமே மூடியதாயின், திறந்த நிரல் அதன் வாயிலில் நிற்க வேண்டியதாகிறது.

மேலும், திறந்த இயக்கி என்று நாம் கூறுபவையும் முற்றிலும் திறந்தவை அல்ல. ஏஎம்டி, இன்டெல் ஆகியவற்றின் புதிய அட்டைகளுக்கும் மூடிய ஃபர்ம்வேர்க் கோப்புகள் தேவைப்படுகின்றன. கட்டற்ற கொள்கையில் உறுதி மிக்க டெபியன் குழுவினரே 2022ஆம் ஆண்டு வாக்கெடுத்து, இத்தகைய ஃபர்ம்வேரைத் தம் நிறுவல் தொகுப்பில் சேர்க்க இசைந்தனர். ஃபர்ம்வேர் இன்றிப் பல பொறிகளில் நிறுவுதலே அரிதாயிற்று என்பது காரணம். ஆகவே திறந்தது, மூடியது என்பன இரு கரைகள் அல்ல. ஒரே ஏணியின் படிகள் என்று கொள்வதே உண்மைக்கு நெருக்கமானது.

தேர்ந்தெடுக்கும் நெறி

இனி, நடைமுறையில் எவ்வாறு தேர்வது என்பதனைத் தொகுத்துக் காண்போம்.

முதலாவதாக, நம் பொறியில் எந்த அட்டை உள்ளது, எந்த இயக்கி அதனை இயக்குகிறது என்பதை அறிதல் வேண்டும். எல்எஸ்பிசிஐ எனும் கட்டளை இதனைக் காட்டும். இன்டெல் அல்லது ஏஎம்டி அட்டையாயின், கெர்னலோடும் மெசாவோடும் வரும் திறந்த இயக்கியே போதுமானது. வேறெதனையும் தேடி நிறுவ வேண்டுவதில்லை.

இரண்டாவதாக, டூரிங்கும் அதற்குப் பிந்தியதுமான என்விடியா அட்டையை உடையோர் தம் தேவையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கூடா தேவையெனில், நிறுவனத்தின் இயக்கியைத் திறந்த கெர்னல் பகுதியோடு நிறுவுதல் நன்று. தட்டச்சு, இணைய உலாவல், நிரலாக்கப் பயிற்சி ஆகியவையே பணி எனின், நூவோவையும் என்விகேயையும் முதலில் ஆய்ந்து பார்க்கலாம். பயன்படாவிடின் மாற்றிக்கொள்வது எளிது.

மூன்றாவதாக, டூரிங்கிற்கு முந்திய என்விடியா அட்டையை உடையோர், நீண்டகால ஆதரவுள்ள லினக்ஸ் வழங்கலைத் தேர்ந்து, தம் அட்டைக்குரிய இறுதி வரிசை இயக்கியோடு அதன் காலம் முடியுமட்டும் நிலைத்திருத்தல் தக்கது. கெர்னலை அடிக்கடி புதுப்பிக்கும் வழங்கல்கள் இவர்க்குத் தொல்லை தரும்.

நான்காவதாக, மூடிய இயக்கியை நிறுவுவோர் அதனை வழங்கலின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தோ, அவ்வழங்கலுக்கென நன்கு பேணப்பெறும் களஞ்சியத்திலிருந்தோ பெறுதல் வேண்டும். நிறுவனத்தின் தளத்திலிருந்து நேரே இறக்கி நிறுவினால், அடுத்த கெர்னல் மாற்றத்தின்போது பொறுப்பேற்பார் எவருமிலர். பழைய கெர்னல் ஒன்றை அழியாது வைத்திருத்தலும் அறிவுடைமை. புதியது தோல்வியுறின் பழையதைக் கொண்டு பொறியைத் திறக்கலாம்.

ஐந்தாவதாக, இரு வரைகலைப் பகுதிகளை உடைய மடிக்கணினிகள் பல உள்ளன. அவற்றில் அன்றாடப் பணிக்கு இன்டெல் அல்லது ஏஎம்டி பகுதியைத் திறந்த இயக்கியோடு பயன்படுத்தி, கணக்கீட்டிற்கு மட்டும் என்விடியாவை அழைத்தல் இரு வகையின் நன்மையையும் தரும். மின்கலமும் நெடுநேரம் நீடிக்கும்.

ஆறாவதாக, புதிதாக வாங்குவோர்க்கு ஒரு சொல். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய அட்டையை மலிவாகப் பெற விழையும் மாணவர், விலையை மட்டும் கேளாது அதன் தலைமுறையையும் கேட்டறிதல் வேண்டும். குறைந்த விலையில் கிடைக்கும் பாஸ்கல் அட்டை விண்டோசிலும் பழைய லினக்சிலும் இன்று நன்றாக ஓடக்கூடும். நாளைய லினக்சில் அஃது எந்நிலையில் நிற்கும் என்பதை மேலே கண்டோம். பத்துப் பொறிகளை ஒருங்கே வாங்கும் கல்லூரியாயின் இக்கேள்வி பத்து மடங்கு முதன்மை பெறும்.

முடிவுரை

வேகம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், ஆண்டுக்கு ஓர் அட்டை வாங்கும் செல்வர்க்கு மட்டுமே உரிய விடை கிடைக்கும். ஒருமுறை வாங்கிப் பல்லாண்டு பயன்படுத்துவோர்க்கு வேறோர் அளவுகோலும் வேண்டும். செய்தவர் கைவிட்ட பின்னரும் இப்பொருளைப் பேணும் வழி உண்டா என்பதே அது. திறந்த இயக்கி அவ்வழியைத் திறந்து வைக்கிறது. மூடிய இயக்கி அதனை நிறுவனத்தின் விருப்பத்திற்கு விட்டுவிடுகிறது.

தேவை கருதி மூடிய இயக்கியை ஏற்பதில் இழுக்கில்லை. அறியாது ஏற்பதிலேயே இழப்பு உள்ளது. நம் மாணவர்கள் இயக்கிகளைப் பயன்படுத்துவோராக மட்டும் நில்லாது, அவற்றின் மூலத்தைப் படிப்போராகவும் வளர்தல் வேண்டும். மெசாவின் மூலமும் நூவோவின் மூலமும் எவர்க்கும் தடையின்றிக் கிடைக்கின்றன. பெரும் விலையுள்ள ஆய்வுக்கூடம் இன்றியே பயிலத்தக்க பாடநூல் அது. அதனைத் திறந்து படிப்பவர், பழுதுற்ற ஒரு வரியையேனும் திருத்தி அனுப்பும் நாளில், உலகெங்கும் பழைய பொறியோடு போராடும் எவரோ ஒருவர்க்கு அது பயன்படும்.